கேட்டால்தான் சொல்லலாம்

“இண்டைக்கும் கேக்கமாட்டாய், என்ன?” என்றார் யோசெப், காரின் பின்கதவைத் தூக்கியபடி.

“எதை?”

“என்னட்டை உதவி. கடைசி மாட்ச். இண்டைக்காவது ஒருக்காக் கேளன்.”

“ஒன்பது வரியமாக் கேக்கேல்லை. இண்டைக்கு என்ன புதுசா?” இரவிச்சந்திரன் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினார். “நீ கேள். வேதக்காரர் நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்து பழகின ஆக்கள். பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுறது உங்களுக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி.”

“சைவக்காரர் நீங்கள் பிழையே விடுறேல்லையாக்கும்.”

“விடுவம். கோயிலைச் சுத்திக் கும்பிட்டிட்டு வந்திடுவம். இடையிலை ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.”

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. கனடாவின் லொங்குய்யில் ஒரு பூங்காவின் கார் தரிப்பிடத்தில், ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரே நீலச் சட்டையும் ஒரே சாம்பல் நிறக் காற்சட்டையுமாக, பேஸ்போல் ஆட்டத்துக்கு அம்பயர்களாக நிற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். யோசெப்புக்கு மன்னார். கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. இரவிச்சந்திரனுக்கு யாழ்ப்பாணம். லொங்குய்யிலேயே ஒரு கந்தோரின் தபால் பகுதியில் வேலை. கோடை ஞாயிறுகளில் மட்டும் இருவருக்கும் ஒரே வேலை. யோசெப் முகமூடி போட்டுக்கொண்டு, அடிக்கிறவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்துவார். இரவிச்சந்திரன், ஓடுகிறவன் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிய மற்ற மூன்று பேஸ்களுக்கும் நடுவில் நிற்பார்.

அடுத்த சனிக்கிழமை இரவிச்சந்திரன் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குக் குடிபோகிறார். மகள் சாம்பவிக்கு அங்கே பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. மனைவியின் சகோதரங்களும் அங்கேதான். ஆகவே இருவரும் சேர்ந்து நிற்கப்போகும் கடைசி ஆட்டம் இது. ஒரு குறையும் வராமல் இது முடிய வேண்டும், மைதானத்தில் ஒருத்தரும் இந்த மனிதனைப் பிழை சொல்லி அனுப்பக்கூடாது என்று காலையில் தேவாலயத்தில் பூசையில் இருந்தபோது யோசெப் நேர்ந்துகொண்டதை இரவிச்சந்திரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார்.

இந்த வேலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது தெப்பனேர் என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு, பனி கரைந்துகொண்டிருந்த மாதம். பால் வாங்கப் போன இரவிச்சந்திரன் அதைக் கிழித்துக்கொண்டே வந்துவிட்டார்.

“அம்பயர்மார் தேவையாம். அவங்களே பழக்குவாங்களாம்.”

“எனக்கு பேஸ்போலிலை ஒரு மண்ணும் தெரியாது, ரவி.”

“உருண்டைப் பந்து, மட்டை, ஓட்டம். கிறிக்கெட்டிலை பத்து வரியம் பள்ளிக்கூட மாட்சுகளுக்கு நிண்டவன் நான். இது என்ன பெரிய வேலை?”

எவ்வளவு பெரிய வேலை என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஓடி வந்தவன் பேஸுக்கு இரண்டு அடி முன்னாலேயே பந்தால் தொடப்பட்டான். கண்ணில்லாதவனுக்கும் அவுட். இரவிச்சந்திரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார். ஓடினவன் இவரைப் பார்க்கிறான். தொட்டவன் இவரைப் பார்க்கிறான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இவரைப் பார்க்கிறார்கள். இவர் ஆகாயத்தைப் பார்க்கிறார். கடைசியில் யோசெப் முகமூடியைக் கழற்றிவிட்டு ஓடினார்.

“என்னடாப்பா, அவுட் குடன்!”

“ஒருத்தரும் கேக்கேல்லையே.”

“என்னத்தைக் கேக்கிறது?”

“அவுட்டோ எண்டு. பந்து போட்ட பக்கம் கத்திக் கேட்டால்தானே விரல் தூக்கலாம்? கேக்காமல் குடுத்தா அது என்ன முறை?”

கிறிக்கெட்டில் அது முறைதான். இங்கே அப்படியில்லை, எவரும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்குப் பழக இரண்டு மாதம் எடுத்தது. பழகிய பிறகு அவரைப் போல உறுதியான அம்பயர் ஆற்றின் தென்கரையிலேயே இல்லை. கை உயர்ந்தால் உயர்ந்ததுதான். யாழ்ப்பாணத்து விரல் கனடாவில் முழுக் கையாக மாறியது, அவ்வளவே வித்தியாசம்.

பழக்கியவர் திபோ என்ற கிழவர். ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில், நாற்காலிகளைப் பேஸ்களாக வைத்துப் பழக்கினார். அவர் பிரெஞ்சில் சொன்னதில் பாதி இருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒரு பாடத்தை மூன்று தரம் சொன்னார், அது விளங்கியது.

“தீர்ப்புச் சொன்னவன்தான் கேட்கலாம். கேட்டால் மட்டும் மற்றவன் சொல்லலாம். கேட்காவிட்டால், நீ கண்டிருந்தாலும் உனக்குக் கண் இல்லை, வாய் இல்லை.”

“எதையெல்லாம் கேட்கலாம், முசியே?” என்று யோசெப் கேட்டார்.

“உன் கண்ணுக்கு மறைந்ததை. பந்து கையிலிருந்து விழுந்ததா? பேஸிலிருந்து கால் எழும்பியதா? அடிக்க வந்த மட்டை பாதியில் நின்றதா? இதெல்லாம் கேள். பந்து முந்தியதா, ஓடினவன் முந்தினானா என்று கேட்காதே. அதைப் பார்க்கத்தான் உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறோம்.”

யோசெப் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் முகமூடியைக் கழற்றி, இரவிச்சந்திரன் பக்கம் கையை நீட்டிக் கேட்பார். அவர் சொல்வதைக் கேட்டுத் தீர்ப்பை மாற்றவும் மாற்றுவார். இரவிச்சந்திரன் கேட்டதே இல்லை.

“கேட்டால் மரியாதை போயிடும், யோசெப். இண்டைக்கு ஒண்டைக் கேட்டால் நாளைக்கு ஒவ்வொண்டுக்கும் ‘அவனைக் கேள், அவனைக் கேள்’ எண்டு வந்து நிப்பாங்கள்.”

“கேக்காட்டி நியாயம் போயிடுமே.”

“அது உன்ரை கவலை.”

நியாயம் போகிறதே என்ற அந்தக் கவலையில்தான் மூன்றாம் கோடையில் யோசெப் ஒரு முட்டாள் வேலை செய்தார். இதே பூங்கா. இரண்டாம் பேஸில் பிடித்தவனின் கையுறையிலிருந்து பந்து நழுவி அவன் முதுகுப் பக்கமாக விழுந்தது. இரவிச்சந்திரனுக்கு மறைப்பு, அவுட் என்று கையை உயர்த்திவிட்டார். யோசெப்புக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இங்கே நிற்கிற அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்தானே, ஆருக்கு விளங்கப்போகிறது என்று நினைத்து, தமிழில் குரல் கொடுத்துவிட்டார்.

“ரவி! பந்து விழுந்திட்டுது!”

அந்த வருடம்தான் பூங்காவின் சிற்றுண்டிக் குடிலில் புஷ்பராணி என்ற பிள்ளை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உருளைக்கிழங்குப் பொரியலும் ஹொட்டோக்கும் விற்கிறவள். தமிழ்க் குரல் காதில் விழுந்ததும் அவளுக்குப் புளுகம் தாங்கவில்லை. அகப்பையோடு வெளியே ஓடிவந்து, மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

“ஓமண்ணை! விழுந்ததுதான்! நானும் கண்டனான்!”

அவள் என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் கேட்டார். அவளும் கள்ளமில்லாமல் முழுவதையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்தாள், யோசெப் கத்தியது உட்பட. திபோ இருவரையும் இரண்டு ஞாயிறு வீட்டில் இருத்திவிட்டார். வீட்டில் யோசெப்பின் மனைவி றெஜினா சிரித்த சிரிப்புக்கு, மூன்று ஞாயிறு தந்திருந்தாலும் பரவாயில்லை போலிருந்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்குள்ளே கால் வைத்தால் தமிழ் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் பிரெஞ்சில்தான். இருபது வருடமாக ‘டேய்’ போட்டுக் கதைக்கிற இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒருவரை ஒருவர் ஐயா போட்டு ‘முசியே’ என்று கூப்பிட்டுக் கொண்டார்கள்.

அந்தக் கோடைகளை இப்போது நினைத்தால் யோசெப்புக்கு ஆட்டங்கள் ஞாபகம் வருவதில்லை. அவற்றைச் சுற்றியிருந்தவைதான் வரும். வெள்ளிக்கிழமையே றெஜினா பொரித்து வைக்கும் மீன் கட்லட். ஆற்றைக் கடக்கும் பாலத்தில், இறங்க மறுக்கும் கார்க் கண்ணாடியோடு இரவிச்சந்திரன் போடும் சண்டை. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துச் சப்பாத்து மண்ணைத் தட்டுவது. வருடத்தில் இரண்டு தரம் மெற்றோ எடுத்து நகரத்துப் பெரிய விளையாட்டரங்குக்குப் போவார்கள். அங்கே ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை, அம்பயர்களைத்தான் பார்ப்பார்கள்.

“பார், பார், மூண்டாம் பேஸ்காரன்ரை நடையை. மாப்பிள்ளை மாதிரி வாறான்.”

“நாலு பேர் நிக்கிறாங்கள், ரவி. நாங்கள் ரெண்டு பேர் அதையே செய்யிறம்.”

“அதுதானே. நாலு பேர் இருந்தா ஆரும் கேக்கலாம்.”

அந்த அரங்கில் ஆடும் பெரிய அணியும் இந்த வருடத்தோடு நகரத்தை விட்டுப் போகப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் போகிறார்கள் என்று யோசெப் நினைத்துக்கொண்டார். முகமூடியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“வா, முசியே. நேரமாச்சு.”

“இன்னும் கோட்டுக்குள்ளை போகேல்லை. ‘டேய்’ எண்டு கூப்பிடு.”

“வாடா.”

லொங்குய்ய் அணிக்கும் புரோசார்ட் அணிக்கும் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். வெல்கிறவருக்குக் கிண்ணம். பிரமாதமான கிண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் கொத்தனாரும் தச்சனும் பல்வைத்தியருமாகச் சேர்ந்து விளையாடும் இவர்களுக்கு அது உயிர். ஏழு சுற்று ஆட்டத்தில் ஆறு சுற்று அமைதியாகப் போயிற்று. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசியது. மேப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. யோசெப் இரண்டு தரம் கேட்டார். இரவிச்சந்திரன் இரண்டு தரமும் சுருக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொன்னார்.

ஏழாவது சுற்று. புரோசார்ட் ஒரு ஓட்டம் முன்னால். லொங்குய்ய் அடிக்கிறது. இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். மூன்றாம் பேஸில் ஒருவன் ஓடக் காத்து நிற்கிறான். அடிக்கிறவன் முதலாம் பேஸை ஒழுங்காகப் போய்த் தொட்டால் மூன்றாம் பேஸ்காரன் எடுக்கிற ஓட்டம் சேரும்; ஆட்டம் சமநிலை. முதலாம் பேஸில் அவன் அவுட்டானால் அந்த ஓட்டமும் சேராது; எல்லாம் முடிந்தது.

மூன்றாம் பேஸில் ஓட்டக்காரன் நின்றால் பேஸ் அம்பயர் அந்தப் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். இரவிச்சந்திரன் அப்படித்தான் நின்றார். அங்கிருந்து முதலாம் பேஸ் தூரம்.

பந்து தரையோடு உருண்டது. புரோசார்ட் பையன் பாய்ந்து எடுத்து முதலாம் பேஸுக்கு எறிந்தான். எறி கொஞ்சம் ஹோம் பிளேட் பக்கமாக விலகிப் போனது. அங்கே நின்ற செம்பட்டைத் தலைக்காரன் உடம்பை நீட்டி எட்டிப் பிடித்தான். ஓடினவன் அரைக் கணம் பிந்தி வந்து மிதித்தான். இரவிச்சந்திரனின் கை உயர்ந்தது.

“அவுட்!”

புரோசார்ட்காரர் கத்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள்.

யோசெப் கண்டுவிட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து முதலாம் பேஸ் வரை நேர்க்கோடு. பந்தைப் பிடிக்கிறவனின் கால் பேஸில் பட்டிருந்தால்தான் அவுட். எட்டிப் பிடித்தபோது செம்பட்டைத் தலைக்காரனின் கால் பேஸிலிருந்து எழும்பியிருந்தது. ஒரு சாண். பந்து கையில் விழுந்தபோது கால் அந்தரத்தில். ஓடினவன் அவுட்டே இல்லை.

லொங்குய்ய் அணியின் கோச் பெனுவா, மலை போன்ற மனிதர், ஓடி வந்து இரவிச்சந்திரனின் முன்னால் நின்றார். “கால் எழும்பியது! உன் சகாவைக் கேள்!”

“நான் கண்டேன். அவுட்,” என்றார் இரவிச்சந்திரன் பிரெஞ்சில்.

“கேள் என்கிறேன்! கேட்டால் என்ன குறைந்துவிடும்?”

“அவுட், முசியே.”

பெனுவா திரும்பி யோசெப்பிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் இறங்கியிருந்தது. “நீ கண்டாய். உன் முகத்தில் தெரிகிறது.”

“அது என் தீர்ப்பு இல்லை, முசியே.”

“கண்டாயா, இல்லையா?”

“என்னிடம் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை.”

சொல்லும்போதே யோசெப்புக்கு வாய் கசந்தது. திபோவின் பாடம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. வாயைத் திறந்தால் இருபது வருடச் சிநேகிதனை, கடைசி நாளில், இத்தனை பேருக்கு முன்னால் வெட்கப்படுத்தியதாகும். திறக்காவிட்டால் இந்தப் பூங்காவில் இனி ‘இரவிச்சந்திரன்’ என்றால் இந்த ஒரு பிழைதான். இரண்டு அம்பயரும் கோட்டைத் தாண்டி வெளியே போகும்வரைதான் தீர்ப்பை மாற்றலாம். போய்விட்டால் அது கல்லில் வெட்டியது.

ஆகவே யோசெப் போகவில்லை.

பொக்கற்றிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, குனிந்து, ஹோம் பிளேட்டைத் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் செய்கிற வேலை அது. ஆட்டம் முடிந்த பிறகு எவரும் செய்வதில்லை. ஒரு பக்கம் துடைத்தார். மற்றப் பக்கம் துடைத்தார். மண் இல்லாத இடத்தையும் துடைத்தார். இது பேச்சா, பேச்சில்லையா என்று திபோ இருந்தால் வாதாடியிருப்பார். வாய் திறக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

இரவிச்சந்திரன் கோட்டை நோக்கிப் பத்து அடி வைத்துவிட்டார். பின்னால் யோசெப் வராததைக் கண்டு நின்றார். திரும்பிப் பார்த்தார். நரைத்த தலை ஒன்று குனிந்து, வெள்ளை றப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை எடுத்து வேறு பக்கம் பார்த்தார். அங்கே சிற்றுண்டிக் குடிலின் வாசலில் புஷ்பராணி நின்றாள். அந்தப் பழைய நாளை மறக்காதவள், இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் மட்டும் பிதுங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கத்தியிருந்தால்கூட இவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்காது.

இரவிச்சந்திரன் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். மறுபடி போட்டார். பிறகு நடந்தார், வெளியே அல்ல, உள்ளே. மைதானம் முழுக்க அடங்கிவிட்டது. பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த புரோசார்ட்காரர்கூட அப்படியே நின்றார்கள். அவருடைய சப்பாத்து மண்ணில் நெரிவது யோசெப்புக்குக் கேட்டது.

“முசியே,” என்றார் இரவிச்சந்திரன். செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “முதலாம் பேஸில் கால் எழும்பியதா?”

யோசெப் நிமிர்ந்தார். “எழும்பியது, முசியே.”

“பந்து கையில் விழும்போதா, அதற்குப் பிறகா?”

“விழும்போது.”

இரவிச்சந்திரன் தலையாட்டினார். முதலாம் பேஸ் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்தார். “சேஃப்!”

பிறகு வந்த கூச்சலை எழுதி என்ன பயன்? லொங்குய்ய் பக்கம் ஆகாயம் இடிந்தது. புரோசார்ட்டின் கோச் கையிலிருந்த தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வந்தார். “ஒன்பது வருடமாக ஒருவரையும் கேட்காத மனிதன், எங்களுக்கு எதிராகத்தானா இன்றைக்குக் கேட்க வேண்டும்?” என்று குமுறினார்.

“ஓம், முசியே,” என்றார் இரவிச்சந்திரன் பணிவாக. “ஓம்” தமிழில் வந்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் சட்டத்தை மீறியது அந்த ஒரு சொல்லில்தான்.

அடுத்து அடிக்க வந்தவன் அவுட்டாக, ஆட்டம் சமநிலையில் எட்டாவது சுற்றுக்குப் போனது. அதில் புரோசார்ட் இரண்டு ஓட்டம் எடுத்து எப்படியும் வென்றுவிட்டது. கிண்ணம் கைமாறியது. பெனுவா போகும்போது இரவிச்சந்திரனின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார்.

எல்லோரும் போன பிறகு இருவரும் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. புஷ்பராணி ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

“நான் ஒண்டும் கதைக்கேல்லை, என்ன ரவி அண்ணை?”

“இல்லைப் பிள்ளை. நீ ஒண்டும் கதைக்கேல்லை.”

“வாயைப் பொத்திப் பொத்தி எனக்குத் தாடை நோகுது.” சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு இரவிச்சந்திரன் சொன்னார், மைதானத்தைப் பார்த்தபடியே.

“நான் காலைக் காணேல்லை, மச்சான். பந்து விழுற சத்தத்தைக் கேட்டன். கை தன்ரை பாட்டிலை எழும்பிட்டுது. எழும்பினாப் பிறகு எப்பிடி இறக்கிறது?”

“இறக்கினாய்தானே.”

“நீ அந்தத் தூரிகையோடை சன்னதம் ஆடினதாலை.”

“நான் வாய் திறக்கேல்லை.”

“திறக்கேல்லை, திறக்கேல்லை.” ஒரு துண்டு கிழங்கை எடுத்தார், சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தார். “எத்தினை, யோசெப்?”

“என்ன எத்தினை?”

“ஒன்பது வரியத்திலை. நான் கேட்டிருந்தால், நீ ‘பிழை’ எண்டு சொல்லியிருக்கக்கூடியது. எத்தினை?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடத்தான் யோசெப்புக்கு வாய் வந்தது. சனிக்கிழமை போகப்போகிற மனிதன். சந்தோஷமாகப் போகட்டுமே. ஆனால் கேட்டுவிட்டான். வாழ்க்கையிலேயே இன்றைக்குத்தான் கேட்கப் பழகினவன், இரண்டாம் தரமும் கேட்கிறான். அவனுக்குப் பொய் சொல்வதா?

“ஏழு.”

“ஏழோ!” இரவிச்சந்திரன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எண்ணி வைச்சிருக்கிறாய்.”

“எண்ணேல்லை. மறக்க முடியேல்லை.”

“சொல்லு. ஒவ்வொண்டாச் சொல்லு.”

“விடு, ரவி.”

“சொல்லடா.”

யோசெப் சொன்னார். இரண்டாம் கோடையில், இரண்டாம் பேஸில் கையுறை ஓடினவனைத் தொடவே இல்லை, காற்றைத்தான் தொட்டது. “அது எனக்கும் பிறகு சந்தேகம்தான்,” என்றார் இரவிச்சந்திரன். இரண்டாவது, பந்து விழுந்து புஷ்பராணி கத்திய நாள். “அது ஊருக்கே தெரியும், அதை விடு.” மூன்றாவது, நடுவில் நின்றவன் பிடித்த பந்து புல்லில் பட்டுத்தான் கைக்குள் போனது.

“நாலாவது, அந்தத் தாடிக்காரன். நீ அவுட் எண்டு அனுப்ப, அரை மணித்தியாலம் நிண்டு கத்தினானே. அவன் சேஃப்.”

“ஆர், பல்லு டொக்டரோ?”

“ஓம்.”

“ஐயோ, அவன் அடுத்த மாசம் என்ரை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவன்ரா!”

“ஊசி போட்டுத்தானே பிடுங்கினவன்?”

“போட்டவன். ஆனால் விறைக்கிறதுக்கு முதலே தொடங்கிட்டான். ஏனெண்டு இப்பதான் விளங்குது.”

இருவரும் வாங்கு ஆடும்படி சிரித்தார்கள். ஐந்தாவதை இரவிச்சந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை. அது சரியான தீர்ப்பு, பந்துதான் முந்தியது, அதை நான் கேட்டாலும் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று திபோவின் பாடத்தையே எடுத்துப் போட்டு வாதாடினார். அந்த ஒன்றுக்கு மட்டும் பத்து நிமிடம் போனது. யோசெப் தோற்று, ஏழு என்றதை ஆறாக்கினார்.

கிழங்கு ஆறிவிட்டது. இரவிச்சந்திரன் கையைத் துடைத்துக்கொண்டார்.

“உன்ரையிலையும் ஒண்டு இருக்கு,” என்றார்.

“நான் சந்தேகமெண்டால் கேக்கிறனான்.”

“அண்டைக்கு நீ கேக்கேல்லை. ரெண்டாயிரத்தொண்டு, யூலை. இடது பக்க வேலிக்கு மேலாலை போன அடி. கம்பத்துக்கு உள்ளாலை போனது எண்டு சொல்லி ஹோம் ரன் குடுத்தாய்.”

யோசெப்புக்கு அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. அடி ஞாபகம் வரவில்லை. அதற்கு முதல் வியாழக்கிழமைதான் மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது, கூடப்பிறந்த மாக்கிரட் அக்கா செத்துப்போனார் என்று. சண்டைக் காலம், போக வழியில்லை. வீட்டில் இருக்க ஏலாமல் மைதானத்துக்கு வந்து நின்றிருந்தார்.

“வெளியாலை போனதோ?”

“ரெண்டு முழம் வெளியாலை.”

“நான் உன்ரை பக்கம் பாக்கவே இல்லையோ?”

“இல்லை. பந்தையும் நீ பாக்கேல்லை. முகமூடிக்குள்ளை உன்ரை கண்ணை நான் கண்டனான்.”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.”

“இல்லை,” என்றார் இரவிச்சந்திரன். “உள்ளாலைதான் போனது எண்டு சொல்லியிருப்பன். திபோ என்னைத் தூக்கி ஆத்துக்குள்ளை போட்டிருந்தாலும் அண்டைக்கு அப்பிடித்தான் சொல்லியிருப்பன்.”

யோசெப் முகமூடியை மடியில் வைத்து, அதன் தோல் பட்டையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். தூரத்தில் புஷ்பராணி குடிலின் தகரக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. இருவரும் எழும்பவில்லை.

“ஆறாவதை நீ இன்னும் சொல்லேல்லை,” என்றார் இரவிச்சந்திரன்.

“அது பெரிய கதை.”

“சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு.”

“புவாண்ட்-கிளேர் மைதானம். மழை வரப் பாத்துக்கொண்டு நிண்ட நாள். நீ குடை கொண்டு வராததுக்கு என்னோடை சண்டை பிடிச்சாய்…” என்று யோசெப் தொடங்கினார். இரவிச்சந்திரன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றி, காது கொடுத்து, முன்னுக்குச் சரிந்து இருந்தார்.